மாலத்தீவுல ரீஃப், ரெக் டைவிங்: எதை முதல்ல பண்ணணும், எதை கடைசிக்கு வைக்கணும் – முழு வழிகாட்டி

மாலே ஏர்போர்ட்ல இறங்கின மறுநாள் காலைலயே மால்டிவ்ஸ் விக்டரி ரெக்குக்கு (ரெக்னா முழுகிக் கிடக்கற கப்பல்) போய் குதிக்கறவங்கள நிறைய பாத்துட்டேன், நானே ஒரு காலத்துல அப்படித்தான் குதிச்சேன். கயித்த ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, கரண்ட்ல (கடல் நீரோட்டம்) உடம்பு மொத்தமும் கொடி மாதிரி கிடைமட்டமா பறக்க, மாஸ்க் முகத்துல கிடுகிடுன்னு ஆட, கப்பலோட டெக் கண்ணுக்கு தெரியறதுக்குள்ள பாதி காத்து காலி. மொத்த டைவும் 14 நிமிஷம். கப்பல்ல நான் பாத்தது ஒரு கம்பி.

அதனால இந்த வழிகாட்டில வரிசைதான் முக்கியம். முதல்ல சாதாரண ரீஃப் (பவளப்பாறை), அப்புறம் கரண்ட் இருக்கற ரீஃப், அதுக்கு அப்புறம்தான் ரெக். ஒரு வார ட்ரிப்னா ரெக் நாலாவது இல்ல அஞ்சாவது நாள்ல வரணும்.

1. கிளம்பறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

ஓப்பன் வாட்டர்ங்கற ஆரம்ப நிலை சர்டிஃபிகேட் மட்டும் இருந்தா உங்க லிமிட் 18 மீட்டர். மாலத்தீவுல பேர் போன ரெக் எல்லாம் 25, 30 மீட்டர்ல கிடக்கு, அதனால அட்வான்ஸ்ட் கோர்ஸ் வேணும். அங்க போய் பண்ணிக்கலாம்னு நினைச்சா பண்ணலாம்தான், ஆனா லீவுல ரெண்டு நாள் கோர்ஸுக்கே போயிடும்.

இன்னொரு விஷயம், மாலத்தீவு சட்டப்படி பொழுதுபோக்கு டைவிங்க்கு அதிகபட்ச ஆழம் 30 மீட்டர். உங்க கார்டுல 40ன்னு போட்டிருந்தாலும் அங்க 30 தான். "டைவ் கம்ப்யூட்டர்ல 32 மீட்டர் காட்டுச்சு, ஒண்ணும் ஆகல"ன்னு பெருமையா சொன்னா அடுத்த டைவுக்கு உங்கள போட்ல ஏத்த மாட்டாங்க.

நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூட்டின காத்து) கோர்ஸ் முடிச்சுட்டு போங்க, ஒரு நாள்ல முடிஞ்சிடும். காரணம் சிம்பிள். சாதாரண காத்துல 30 மீட்டர்ல டைவ் டேபிள் (எவ்வளவு நேரம் கீழ இருக்கலாம்னு சொல்ற அட்டவணை) குடுக்கற நேரம் 20 நிமிஷம், 32 சதவீத நைட்ராக்ஸ்ல அதுவே 30 நிமிஷம். ரெக்ல அந்த 10 நிமிஷம்தான் நிதானமா பாக்கறதுக்கும் அவசரமா ஓடறதுக்கும் உள்ள வித்தியாசம்.

மெடிக்கல் ஃபார்ம ஊர்லயே படிச்சுப் பாருங்க. ஆஸ்துமா, பிபி மாத்திரை, காது ஆபரேஷன் இப்படி ஏதாவது ஒண்ணுக்கு 'ஆமா'ன்னு டிக் பண்ணினா டாக்டர் கையெழுத்து கேப்பாங்க, அதுக்கு அங்க தீவுல போய் அலைய முடியாது. இல்லன்னு பொய் டிக் அடிக்காதீங்க, இன்சூரன்ஸ் முதல்ல பாக்கறது அந்த பேப்பரத்தான். டைவிங் இன்சூரன்ஸ் தனியா எடுக்கணும், சாதாரண ட்ராவல் இன்சூரன்ஸ்ல டிகம்ப்ரஷன் சேம்பர் (உடம்புல நைட்ரஜன் குமிழி சேர்ந்து வர்ற நோய்க்கு வைத்தியம் பண்ற அழுத்த அறை) செலவு பெரும்பாலும் வராது.

2. எந்த மாசம், எந்தப் பக்கம்

மொத்தம் 26 அட்டோல் (வளையமா இருக்கற தீவுக்கூட்டம்), 1,192 தீவு, எங்க வேணா போகலாம்னு புக் பண்ணக் கூடாது. இங்க எல்லாத்தையும் முடிவு பண்றது பருவக்காத்துதான்.

டிசம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் வடகிழக்கு பருவம், அவங்க திவேஹி மொழில இருவைன்னு சொல்லுவாங்க. அப்போ கரண்ட் பொதுவா கிழக்கேருந்து மேற்க தள்ளும். கிழக்கு ஓரத்துல இருக்கற சேனல்ல சுத்தமான கடல் தண்ணி உள்ள வரும், தெளிவா இருக்கும், சுறா நிக்கும். மேற்கு பக்கம் பிளாங்க்டன் சேர்ந்து தண்ணி கொஞ்சம் கலங்கலா இருக்கும், மான்ட்டா (பெரிய திருக்கை மீன்) அங்கதான் சாப்பிட வரும். மே மாசத்துக்கு மேல தென்மேற்கு பருவம், ஹுளங்கு, அப்போ இது அப்படியே தலைகீழ்.

புதுசா போறவங்களுக்கு ஜனவரி கடைசில இருந்து ஏப்ரல் வரைக்கும் சரியான நேரம்னு சொல்வேன். கடல் அமைதி, போட்ல வாந்தி கம்மி.

ரெக்க வெச்சு இடம் தேர்ந்தெடுக்கறதா இருந்தா: விக்டரிக்கு மாலே, ஹுல்ஹுமாலே பக்கத்துல தங்கினா போதும். அரி அட்டோல்ல ஃபெஸ்டு ரெக், குடிமா ரெக் ரெண்டும் சின்னது, முதல் ரெக்குக்கு ரொம்ப நல்லது. கடைசி தெற்குல அட்டு அட்டோல்ல பிரிட்டிஷ் லாயல்ட்டி, அதுக்கு மாலேல இருந்து கன் ஏர்போர்ட்டுக்கு உள்ளூர் விமானம் பிடிக்கணும். ஒரே ட்ரிப்ல விக்டரியும் லாயல்ட்டியும்னு பிளான் போடாதீங்க. நடுவுல விமானம் வருது, விமானம்னா டைவ் இல்லாத நாள்னு அர்த்தம், அத கடைசி பகுதில சொல்றேன்.

மான்ட்டா ஆசைல ஹனிஃபாரு வளைகுடாவ டைவ் லிஸ்ட்ல போடறவங்க இருக்காங்க. அங்க ஸ்கூபா தடை, ஸ்நார்க்கல் மட்டும்தான்.

3. என்ன கொண்டு போறது

சொந்தமா வேணும்னு நான் அடிச்சு சொல்றது மூணே மூணு: மாஸ்க், டைவ் கம்ப்யூட்டர், எஸ்எம்பி (நீங்க இருக்கற இடத்த போட்டுக்கு காட்ட காத்து ஊதி மேல விடற குழாய்). மத்தது எல்லாம் வாடகைக்கு கிடைக்கும்.

மாஸ்க் ஏன்னா அடுத்தவன் முகத்துக்கு பொருந்துறது உங்களுக்கு பொருந்தாது, 25 மீட்டர்ல தண்ணி கசிஞ்சா கவனம் மொத்தமும் அதுல போயிடும். கம்ப்யூட்டர் ஏன்னா உங்க முந்தின டைவோட நைட்ரஜன் கணக்கு அதுல இருக்கு, நடுவுல மாத்தினா கணக்கு அறுந்துடும். எஸ்எம்பி ஏன்னா கரண்ட் உங்கள எங்க கொண்டு போய் வெளிய விடும்னு தெரியாது, ஆரஞ்சு குழாய் ஒண்ணு தண்ணிக்கு மேல நிக்கலன்னா அலை நடுவுல ஒரு தல தெரியவே தெரியாது.

தண்ணி 27ல இருந்து 30 டிகிரி, குளிராது. ஆனாலும் முழுக்கை முழுக்கால் 3 மில்லிமீட்டர் வெட்சூட் போடுங்க, ரெக்ல துருப்பிடிச்ச தகடு சும்மா உரசினாலே கிழிக்கும். டெட்டனஸ் ஊசி போட்டு ரொம்ப வருஷம் ஆச்சுன்னா போட்டுட்டு போங்க. டார்ச் ஒண்ணு. பெரிய கேமராவ முதல் மூணு நாள் ரூம்லயே விடுங்க, இத யாரும் கேக்க மாட்டாங்கன்னு தெரியும், இருந்தாலும் சொல்லிட்டேன்.

4. முதல் நாள்: செக் டைவும் வெயிட்டும்

எத்தனை நூறு டைவ் பண்ணியிருந்தாலும் முதல் டைவ் ஹவுஸ் ரீஃப்ல (தங்கற தீவ ஒட்டின ரீஃப்) செக் டைவ்தான். மாஸ்க்ல தண்ணி விட்டு எடுக்கறது, ரெகுலேட்டர (மூச்சு விட வாய்ல வைக்கற கருவி) கழட்டி மாட்டறது. நிறைய பேர் இத அவமானமா எடுத்துப்பாங்க. நான் இத வெயிட் சரி பண்ற சான்ஸா எடுத்துக்கறேன்.

இங்கதான் பெரிய தப்பு நடக்குது. டேங்க் நிறைய காத்து இருக்கும்போது மிதக்கறத வெச்சு வெயிட்ட முடிவு பண்ணிடறாங்க. காத்துக்கும் எடை இருக்கு. 12 லிட்டர் டேங்க்ல 200 பார் (அழுத்தத்தோட அளவு) இருந்தா 2,400 லிட்டர் காத்து, ஏறக்குறைய 3 கிலோ. டைவ் முடியும்போது அதுல 2 கிலோவுக்கு மேல போயிருக்கும், அலுமினியம் டேங்க் வேற காலியானா மேல தூக்கும், அப்போ 5 மீட்டர்ல சேஃப்டி ஸ்டாப் (மேல வர்றதுக்கு முன்னாடி மூணு நிமிஷம் நிக்கறது) நிக்க முடியாம பலூன் மாதிரி மேல போயிடுவீங்க.

அதனால செக் டைவ் முடிவுல, 50 பார் இருக்கும்போது, பிசிடில (காத்து அடிச்சு மிதக்கறத சரி பண்ற ஜாக்கெட்) காத்து சுத்தமா இல்லாம 5 மீட்டர்ல அசையாம நிக்க முடியுதான்னு பாருங்க. மேல போனா ஒரு கிலோ சேர்த்துக்கோங்க. கல்லு மாதிரி கீழ போனா ஒண்ண கழட்டுங்க. வந்த நம்பர குறிச்சு வெச்சுக்கோங்க, வாரம் முழுக்க அதுதான்.

அதிக வெயிட் பாதுகாப்புன்னு ஒரு நினைப்பு இருக்கு. இல்லவே இல்ல. அதிக வெயிட்டுன்னா பிசிடில அதிக காத்து, அதிக காத்துன்னா ஒரு மீட்டர் ஏறினாலே விரிஞ்சு இன்னும் மேல தூக்கும், அத விட்டதும் நீங்க கீழ விழுவீங்க, கீழ பவளம் இருக்கும்.

5. ரெண்டாவது, மூணாவது நாள்: ரீஃப்

திலான்னா கடல் நடுவுல தண்ணிக்குள்ளயே நிக்கற குன்று, கிரின்னா மேல் மட்டத்துக்கு கிட்ட வரைக்கும் வர்ற சின்னது, கண்டுன்னா அட்டோலுக்கு உள்ளயும் வெளியயும் தண்ணி போற வாய்க்கால். டைவ் போட்டுக்கு அவங்க சொல்றது தோனி, நம்ம தோணியேதான், முதல் தடவ காதுல விழுந்தப்போ சிரிப்பு வந்துச்சு.

முதல்ல கிரியும், கரண்ட் இல்லாத நேரத்துல திலாவும் கேளுங்க. இந்த ரெண்டு நாள்ல மூணு விஷயம் கைக்கு வரணும்.

ஒண்ணு, தவள மாதிரி கால் அடிக்கறது. சைக்கிள் மிதிக்கற மாதிரி மேல கீழ அடிச்சா ரீஃப்ல பவளம் ஒடியும், ரெக்ல துருவும் சேறும் கிளம்பி ஒண்ணும் தெரியாம போயிடும். முழங்கால மடக்கி, பாதத்த பக்கவாட்டுல தள்ளி, அப்புறம் சறுக்கிட்டு போகணும். இது ரீஃப்ல வரலன்னா ரெக்ல வரவே வராது.

ரெண்டு, கைய கட்டிக்கிட்டு நீந்தறது. கையால துழாவுறவங்களுக்கு காத்து சீக்கிரம் தீரும், அதோட கை எதையாவது பிடிக்கும். பிடிக்கற இடத்துல ஃபயர் கோரல் இருந்தா நாலு நாள் எரியும், ஸ்டோன்ஃபிஷ் இருந்தா எரிச்சலோட நிக்காது, ஆஸ்பத்திரிதான். 1998லயும் 2016லயும் கடல் சூடேறி இங்க பவளம் பெரிய அளவுல வெளுத்துப் போச்சு, இப்போ நீங்க பாக்கற விரல் நீள கிளை எல்லாம் அதுக்கப்புறம் திரும்ப முளைச்சது. அத ஒரு ஃபின் (கால்ல மாட்டற துடுப்பு) அடில ஒடிக்கறதப் பாத்தா நிஜமாவே வயிறு எரியும்.

மூணு, டைட்டன் ட்ரிகர்ஃபிஷ்ஷ அடையாளம் கண்டுக்கறது. அரை மீட்டருக்கு மேல நீளம், மஞ்சள் பச்ச, வாய்ல மனுஷப் பல்லு மாதிரி பல்லு. சுறாவப் பாத்து பயப்படற ஆளுங்க இதுக்குத்தான் பயப்படணும். முட்டை வெச்சிருக்கற நேரத்துல கூட்டுக்கு மேல கூம்பு மாதிரி, மேல போகப் போக அகலமாகற இடம் அதோடது. துரத்தினா எல்லாரும் மேல ஓடுவாங்க, மேல போனாலும் நீங்க அந்த கூம்புக்குள்ளதான் இருக்கீங்க. பக்கவாட்டுல போங்க, ஃபின்ன அது பக்கம் காட்டிக்கிட்டு. கடிச்சா ஃபின்ல கடிக்கட்டும்.

6. கரண்ட் பழகறது

ரெக்குக்கு முன்னாடி ஒரு கண்டு டைவ் கட்டாயம் பண்ணுங்க. ஏன்னா விக்டரில கரண்ட் பலமா அடிக்கும், அத அங்க போய் முதல் தடவையா சந்திக்கக் கூடாது.

போட்ல பிசிடி காத்த முழுசா விட்டுட்டு, எல்லாரும் ஒரே நேரத்துல குதிச்சு, மேல நிக்காம நேரா கீழ போறது இங்க வழக்கம். மேல ஒரு நிமிஷம் மிதந்தாலும் கரண்ட் உங்கள சேனல் வாயத் தாண்டி கொண்டு போயிடும். இதுல தடுமாறறவங்க காது மெதுவா திறக்கறவங்க. அப்படிப்பட்ட ஆள்னா வெக்கப்படாம கைடுகிட்ட முன்னாடியே சொல்லுங்க, போட்லயே ரெண்டு மூணு தடவ காத ஊதி ரெடி பண்ணிட்டு குதிங்க. வலி வந்த பிறகு ஊதினா திறக்காது, ஒரு மீட்டர் ஏறிட்டுத்தான் ஊதணும். சளி இருந்தா அந்த டைவ விட்டுடுங்க. மாத்திரை போட்டு இறங்கினா கீழ இருக்கும்போது அதோட வேலை முடிஞ்சு, மேல வரும்போது காத்து உள்ளயே மாட்டிக்கும்.

கீழ போனதும் ரீஃப் சுவத்தோட ஒட்டி தாழ்வா இருங்க. கரண்ட் நடுவுல வேகம், தரைகிட்ட கம்மி, ஆத்துல நிக்கற மாதிரியேதான். ரீஃப் ஹூக் (கரண்ட்ல நிக்க பாறைல மாட்டற கொக்கி) போடச் சொன்னா செத்த பாறைல மட்டும் போடுங்க.

சில மூலைல கரண்ட் கீழ இழுக்கும். குமிழி மேல போகாம பக்கத்துலயோ கீழயோ போச்சுன்னா அதான் அறிகுறி. நேரா மேல நீந்தி ஜெயிக்கப் பாக்காதீங்க, அந்த இழுப்பு இருக்கற பட்டையே குறுகல்தான், ரீஃப் ஓரமா பக்கவாட்டுல நகந்தா வெளிய வந்துடலாம்.

7. காத்துக் கணக்கு, ரெக்குக்கு முந்தின ராத்திரி

இத யாரும் உக்காந்து போடறதில்ல. எல்லாருக்கும் மனசுல இருக்கறது "50 பார்ல மேல வந்துடணும்". அந்த 50 மேல வந்து சேரும்போது இருக்க வேண்டியது, கீழேருந்து கிளம்பும்போது இருக்க வேண்டியது இல்ல.

போட்டுப் பாருங்க. 30 மீட்டர்ல அழுத்தம் 4 பார், அதாவது மேல நிமிஷத்துக்கு 20 லிட்டர் இழுக்கற ஆள் அங்க 80 லிட்டர் இழுப்பார். இப்போ உங்க பட்டிக்கு (கூட ஜோடியா டைவ் பண்ற ஆள்) காத்து தீந்து போச்சு, ரெண்டு பேரும் உங்க டேங்க்லதான் வரணும். பதட்டத்துல ஆளுக்கு 30 லிட்டர்னு வெச்சுக்கோங்க, ரெண்டு பேருக்கு 60.

கீழ நிலைமைய சரி பண்ண ஒரு நிமிஷம்: 60 × 4 = 240 லிட்டர். நிமிஷத்துக்கு 9 மீட்டர் வேகத்துல ஏற மூணு நிமிஷத்துக்கு மேல, சராசரி அழுத்தம் 2.5 பார், அது ஒரு 500 லிட்டர். 5 மீட்டர்ல மூணு நிமிஷ ஸ்டாப்: 60 × 1.5 × 3 = 270. மொத்தம் ஆயிரம் லிட்டர் பக்கம். 12 லிட்டர் டேங்க்ல அது 85 பார்.

ஆக 30 மீட்டர்ல 90 பார் காட்டினா உங்க டைவ் முடிஞ்சுது, ஏற ஆரம்பிங்க. நான் 100 வெச்சுக்கறேன், கயித்துகிட்ட போய் சேர கொஞ்சம் நேரம் ஆகும்ல.

உங்க சொந்த நம்பர் எவ்வளவுன்னு முதல் மூணு நாள்ல கண்டுபிடிங்க. ஒரே ஆழத்துல 10 நிமிஷம் இருந்து எத்தனை பார் இறங்குச்சுன்னு பாத்தா போதும்.

8. ரெக் நாள்: விக்டரிய வெச்சு சொல்றேன்

1981 பிப்ரவரி 13, சிங்கப்பூர்ல இருந்து சரக்கு ஏத்திட்டு வந்த கப்பல், ஏர்போர்ட் இருக்கற ஹுல்ஹுலே தீவோட ரீஃப்ல மோதி முழுகுச்சு. நீளம் ஏறக்குறைய 110 மீட்டர். நிமிர்ந்தே உக்காந்திருக்கு, மணல் 35 மீட்டர்ல, மெயின் டெக் 25 பக்கத்துல, மாஸ்ட் (கொடிமரம்) உச்சி 12, 15 மீட்டர் வரைக்கும் வரும். மணலுக்கு போக சட்டப்படியே முடியாது, போக வேண்டிய தேவையும் இல்ல.

பிரீஃபிங்ல கேக்க வேண்டிய கேள்வி ரெண்டு. கரண்ட் எந்தப் பக்கத்துலேருந்து வருது, மேல வர்ற கயிறு எங்க. மீன் பேர் எல்லாம் அப்புறம் கேட்டுக்கலாம்.

கயித்துல இறங்கும்போது ஒரு கை கயித்துல, ஒரு கை மூக்குல. கயித்த இறுக்கிப் பிடிச்சு இழுத்துக்கிட்டே போனா மூச்சு வாங்கும், அங்கதான் நான் என் காத்த விட்டேன். உடம்ப கரண்டுக்கு நேரா நீட்டி வெச்சு, தல குனிஞ்சு, மெதுவா கை மாத்தி மாத்தி போங்க. மாஸ்ட்டுகிட்ட வந்ததும் நின்னு பட்டியப் பாருங்க, கேஜப் பாருங்க. 150 பாருக்கு கீழ இருந்தா டெக்குக்கு போகாதீங்க, மாஸ்ட்ட சுத்தியே இருங்க. அங்கயே பேட்ஃபிஷ் கூட்டம் சுத்தும், ஒண்ணும் நஷ்டம் இல்ல.

டெக்குக்கு இறங்கினதும் கப்பலோட மறைவுப் பக்கம் போயிடுங்க. அந்த நிமிஷம் ஃபேன ஆஃப் பண்ணின மாதிரி எல்லாம் நின்னு போயிடும், மூச்சும் தானா அடங்கும். ஆழமான இடத்த முதல்ல பாத்துட்டு, அப்புறம் ஒவ்வொரு தட்டா மேல வாங்க, கடைசியா மாஸ்ட். ஏன் இந்த வரிசைன்னா, ஆழத்துல இருக்கற நேரம்தான் கம்ப்யூட்டர்லயும் டேங்க்லயும் வேகமா கரையும், அத ஆரம்பத்துலயே முடிச்சிடணும்.

கைப்பிடி கம்பி மேல கை வைக்கறதுக்கு முன்னாடி பாருங்க. விஷ முள் இருக்கற லயன்ஃபிஷ் கம்பிக்கு அடில தலைகீழா தொங்கும்.

பிரிட்டிஷ் லாயல்ட்டி இதுக்கு நேர் எதிர், சாய்ஞ்சு கிடக்கு, 16ல இருந்து 33 மீட்டர் வரைக்கும். 1942ல மடகாஸ்கர்ல ஒரு தடவ, 1944ல அட்டுலயே ஜெர்மன் சப்மரீன் யு-183 கிட்ட ஒரு தடவ டார்பிடோ வாங்கி, 1946ல வேணும்னே முழுகடிக்கப்பட்ட டேங்கர். அட்டோலுக்கு உள்ள இருக்கறதால விக்டரி அளவுக்கு கரண்ட் தொல்லை இல்ல. ஆனா சாய்ஞ்ச கப்பல்ல எது தரை எது சுவருன்னு கண்ணு ஏமாறும், கம்ப்யூட்டர்ல ஆழத்த அடிக்கடி பாருங்க.

9. உள்ள போறதப் பத்தி

போகாதீங்க. ரெக் கோர்ஸ் முடிச்சவங்களுக்கே விதி, மேல் மட்டத்துலேருந்து உங்களுக்கு உள்ள மொத்த தூரம், ஆழத்தையும் சேர்த்து, 40 மீட்டர். 25 மீட்டர் டெக்ல நின்னா மிச்சம் 15, அதுவும் வெளிச்சம் தெரியற வரைக்கும்தான்.

திறந்த ஹோல்ட் (சரக்கு வைக்கற அறை) மேல மிதந்து டார்ச் அடிச்சுப் பாக்கறது வேற, கதவு வழியா நுழையறது வேற. நுழையும்போது தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனா நீங்க விடற குமிழி கூரைல முட்டி துரு உதிரும், திரும்பும்போது வந்த வழி பழுப்பு மூட்டமா இருக்கும், கயிறு இல்லாம போயிருந்தா கதவு எங்கன்னு கையால தடவித்தான் தேடணும். அதுக்கு தனி பயிற்சி, தனி கியர், லீவுல வந்த ஆளுக்கான வேலை இல்ல.

10. மேல வர்றது

கயித்துல வர முடிஞ்சா கயித்துலயே வாங்க. கை விட்டுப் போச்சுன்னா திரும்ப நீந்திப் பிடிக்கப் போகாதீங்க, பட்டியோட சேர்ந்து மிதந்துக்கிட்டே ஏறுங்க, 5 மீட்டர்ல மூணு நிமிஷம், எஸ்எம்பிய மேல விடுங்க, தோனி உங்களத் தேடி வரும்.

எஸ்எம்பி விடறதுல வழக்கமான தப்பு, ரீல் கயிறு பிசிடில மாட்டிக்கிட்டு ஆளையும் சேர்த்து தூக்கிட்டுப் போறது. கைய நீட்டி, கயிறு உடம்ப விட்டு தள்ளி இருக்கான்னு பாத்துட்டு, கொஞ்சமா காத்து விட்டு, விட்டுடணும். செக் டைவ்ல ஒரு தடவ பழகிக்கோங்க. விக்டரி பக்கம் ஸ்பீட்போட் போக்குவரத்து பயங்கரம், எஸ்எம்பி இல்லாம தலைய வெளிய நீட்டற இடமே இல்ல.

11. கடைசி நாள்

பல டைவ் பண்ணியிருந்தா விமானத்துக்கு முன்னாடி குறைஞ்சது 18 மணி நேரம் டைவ் இல்லாம இருக்கணும், நான் 24 விடறேன். சீப்ளேனும் உள்ளூர் விமானமும் இதுல சேரும், நிறைய பேர் வீட்டுக்கு போற ஃப்ளைட்ட மட்டும் கணக்கு வெச்சுட்டு காலைல டைவ் மத்தியானம் சீப்ளேன்னு புக் பண்ணிடறாங்க. ஸ்பீட்போட்டுக்கு இந்த பிரச்சன இல்ல.

மூட்டு வலி, தோல்ல புள்ளி புள்ளியா தடிப்பு, கை கால் மரத்துப் போறது, இதெல்லாம் வந்தா தூங்கி எழுந்தா சரியாயிடும்னு படுக்காதீங்க, உடனே டைவ் சென்டர்ல சொல்லி ஆக்சிஜன் கேளுங்க. மாலே பக்கத்துல பண்டோஸ் தீவுல சேம்பர் இருக்கு. நீங்க தங்கற இடத்துலேருந்து எந்த சேம்பர் கிட்ட, அங்க போக எவ்வளவு நேரம்னு முதல் நாளே கேட்டு வெச்சுக்கறது நல்லது.

கரைல பொறுக்கின பவளத்துண்டு, ரெக்ல எடுத்த துருப்பிடிச்ச ஆணி, எதையும் பேக்ல போடாதீங்க. பவளத்த ஏர்போர்ட் ஸ்கேன்ல பிடிச்சுடுவாங்க. அந்த ஓய்வு நாள்ல கியர நல்ல தண்ணில ஊற வெச்சு நிழல்ல காய வைங்க. ரெகுலேட்டர ஊற வைக்கும்போது முதல் ஸ்டேஜ் (டேங்க்ல மாட்டற பகுதி) மூடிய மாட்டிட்டுத்தான் தண்ணில விடணும், இத மறந்து சர்வீஸுக்கு பணம் குடுத்த ஆள் நான்.